சிவப்பு வைத்த குஞ்சுகள்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அந்தப் பொது முற்றத்தில் அப்போது இருந்தவர்கள் இவர்கள். குழாயை ஒட்டிய முதல் வீட்டில் கோவிந்தம்மாக்கா. அவள் புருசன் பட்டாளத்து மெஸ்ஸில் சமையல்காரர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார், அதுவும் தூங்க. அவரைச் சேர்க்கவில்லை. இரண்டாவது வீட்டில் சரோஜா, என் வயசுக்காரி, அவள் மாமியாரோடு. மூன்றாவதில் ரத்தினம் அண்ணன், கொத்தனார், தனி ஆள், சுவரில் ஒரே ஒரு புத்தர் படம். கடைசி வீட்டில், கக்கூஸ் பக்கம், என் வீட்டுக்காரர். அப்புறம் நான். கோழிகளில் சொல்லவேண்டியது கோவிந்தம்மாக்காவின் பழுப்புப் பெட்டை ஒன்று. அதற்கு மேம்சாப் என்று பேர். கழுத்தை நீட்டி ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கும்.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வரக் காரணம் ஒரு அட்டைப் பெட்டி. தொம்மலூரில் எங்கள் கட்டடத்து வாசலுக்கு ஒருத்தன் சைக்கிளில் கலர் குஞ்சு கொண்டுவந்தான். பச்சை, நீலம், ரோஸ், சிவப்பு. கீழ்வீட்டுப் பெண்பிள்ளை சிவப்பில் ஒன்று வாங்கிக்கொண்டு நேராக இந்தப் பாட்டியிடம் வந்தாள். ஏற்கனவே அவர்கள் பால்கனியில் ஒன்று இருக்கிறது. நீலமாக வந்தது, இப்போது இறகு முளைத்து பாதி வெள்ளையாகிவிட்டது.

"அஜ்ஜி, ரெண்டையும் ஒண்ணா வுடலாமா?"

நான் குஞ்சைக் கையில் வாங்கினேன். சாயத்தின் வாசனை. ஈரக் கோணியும் சுண்ணாம்பும் கலந்த மாதிரி ஒரு வாசனை அது. அறுபது வருஷமாக மூக்குக்கு வராமல் இருந்தது.

"வுடாதே," என்றேன். "மொதல்ல செவப்ப மூடணும்."

எதனால் என்று கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றேன். குழந்தையிடம் சொல்கிற கதை இல்லை. உங்களிடம் சொல்லலாம்.

ஆஸ்டின் டவுனில் அந்த வீட்டுக்கு நாங்கள் போனபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். அதற்கு முன்னால் இருந்த வீட்டை விட்டது இருமலால். அவர் மில்லில் நூல் பக்கம் வேலை. பஞ்சு போய் நெஞ்சில் அடைத்துக்கொண்டது என்று நினைத்தோம். மில் டாக்டர் வேறு பேர் சொன்னார். அந்தப் பேரை வெளியில் சொன்னால் குடியிருக்க வீடு கிடைக்காது. வேலையும் நின்றுபோயிற்று. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், காசு வாங்காமல்தான் போட்டார்கள். கூடவே ஒன்று சொன்னார்கள்: "பால், முட்டை. டெய்லி. நிறுத்தக் கூடாது."

பாலுக்கு நான் வேலைசெய்த பங்களாவில் வழி இருந்தது. ரிச்மண்ட் டவுன் பக்கம் ஒரு சட்டைக்காரர் வீடு, ஆங்கிலோ இந்தியர்கள், நான் அங்கே ஆயா. முட்டைக்குத்தான் வழி இல்லை. கோவிந்தம்மாக்காவிடம் நிறைய முட்டை உண்டு, எல்லாம் அவள் புருசனோடு மெஸ்ஸுக்குப் போய்விடும். ஒரு தரம் கேட்டேன். "யாருக்கு?" என்றாள். எனக்குத்தான் என்றேன். வயிற்றைப் பார்த்தாள். "அப்டி ஒண்ணும் தெரியலையே," என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஆகவே கோழி. அம்மா எங்கள் ஊர் ஆனேக்கலிலிருந்து நாட்டுக் குஞ்சு ஆறு கொடுத்தனுப்பினாள். கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன், கண்டக்டர் வழியெல்லாம் கூடைக்கும் சீட்டு எடு என்று சீண்டிக்கொண்டே வந்தான். அவை தாயை விட்டுப் பிரிந்த வயசு, கால் நீண்டு கழுத்து மொட்டையாக, பார்க்க என்னைப் போலவே இருந்தன. அந்த வாரமே பங்களாக்காரர்கள் ஆஸ்திரேலியா கிளம்பினார்கள். பியானோவை விற்றார்கள், நாயை யாருக்கோ கொடுத்தார்கள். சர்க்கார் பண்ணையிலிருந்து வாங்கிய சீமைக் குஞ்சு ஏழு இருந்தது. பஞ்சு உருண்டை மாதிரி வெள்ளையாக, பிறந்து ஒரு வாரம்கூட இருக்காது. பங்களா அம்மா என்னைக் கூப்பிட்டு பெட்டியோடு கொடுத்தாள். தோட்டக்காரர் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். "பண்ணையிலயே மூக்குல மருந்து வுட்டுட்டாங்க. சீக்கிரம் சாவாது, பயப்படாதே." எனக்கு அது பெரிதாகப் படவில்லை. சாவாது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து வெள்ளைக் குஞ்சுகளைத் துண்டில் கொட்டிப் பார்த்தார். மில்லில் அவரைப் பாடாய்ப் படுத்திய மேஸ்திரியை நினைத்து அதிலேயே சின்னதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்தார். "இனிமே இவனுக்கு நான் வேலை குடுக்கறேன்," என்று சிரித்தார். சிரித்தால் இருமல் வரும். வந்தது.

அந்த முற்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லார் வீட்டுக் கோழியும் ஒரே இடத்தில் மேயும், குஞ்சுக்கு அடையாளம் தெரியாது. அதனால் வீட்டுக்கு ஒரு நிறம். முதுகில் தடவிவிடுவார்கள். கோவிந்தம்மாக்காவுக்கு மஞ்சள். சரோஜாவுக்குத் துணிக்குப் போடுகிற நீலம். கலர் தடவினால் பருந்து தூக்காது என்றும் சொல்வார்கள். அது பொய், பருந்து ஒரு நீலத்தைத் தூக்கிக்கொண்டு போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். ரத்தினம் அண்ணன் கோழி வளர்ப்பதில்லை. அறுக்கப்போகிறதை வளர்ப்பானேன் என்பார். அவரிடம் சுண்ணாம்பு இருந்தது, வெள்ளைக் குஞ்சுக்குச் சுண்ணாம்பு தடவி என்ன பிரயோசனம்?

கோவிந்தம்மாக்கா தானே ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள்.

"செவப்புதான் மிச்சம் கீது. வெச்சுக்கோ."

சரோஜா குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதை அப்போது நான் கவனிக்கவில்லை. ஏனென்றால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்கிறேன்.

அவர் இருமினால் துண்டில் ரத்தம் வரும். தினமும் இல்லை, சில நாள். அந்தத் துண்டைத் துவைக்க முற்றத்துக் கல்தான் இருக்கிறது. விடியுமுன் துவைப்பேன், கல்லை இரண்டு தரம் கழுவுவேன், அப்படியும் ஒரு வரி நிற்கும். சிவப்புச் சாயம் கையில் இருந்தால் கல் சிவந்தால் என்ன? குஞ்சுக்குத் தடவிய கை, குஞ்சு படுத்த துணி. இந்தப் புத்தி எனக்கு வந்ததைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். மூன்றாம் வகுப்புப் படிப்புக்கு அது ஜாஸ்திதான்.

பதிமூன்றுக்கும் தடவினேன். நாட்டுக் குஞ்சு பழுப்பு, அதில் சிவப்பு சரியாகத் தெரியவில்லை. வெள்ளையில் பளிச்சென்று தெரிந்தது.

மறுநாள் அவருக்கு ஊசி. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். நான் புது வேலை கேட்டு ஒரு வீட்டுக்குப் போனேன். குஞ்சுகளை ஒரே கோணியில் நொய் போட்டு முற்றத்து மூலையில் விட்டுவிட்டுப் போனோம். பெரிசு சின்னதைப் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு எண்ணம். ஒரே வீட்டுக் குஞ்சுதானே.

மத்தியானம் திரும்பி வந்தபோது முற்றம் சத்தமில்லாமல் இருந்தது. கோழி சண்டை போட்டால் சத்தம் இருக்கும், உங்களுக்குத் தெரியும். இது அப்படி இல்லை. கோழிகள் வட்டமாக நின்றிருந்தன. ஒன்று தலையைக் குனியும், எடுக்கும். அடுத்தது குனியும். அவசரமே இல்லை. தானியம் பொறுக்குகிற மாதிரி. மேம்சாப் வட்டத்தில் நின்று என்னைக் கழுத்தை நீட்டிப் பார்த்தது. அதன் மூக்கு நுனி சிவந்திருந்தது. சாயமா மற்றதா என்று தெரியவில்லை.

விரட்டினேன். வெள்ளையில் இரண்டு போய்விட்டது. முதுகில் தோலே இல்லை. மற்ற ஐந்தும் அம்மிக்கல் இடுக்கில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நின்றன. ஒரு நாட்டுக் குஞ்சுக்கு ஒரு கண் இல்லை.

சரோஜா கதவருகே நின்றிருந்தாள்.

"அந்த மேம்சாப்தானே?" என்றேன்.

"இல்லடி. உன்னுதுதான் மொதல்ல ஆரம்பிச்சுது. அந்த நீட்டுக்கால் குஞ்சுங்க. ஒண்ணு கொத்திச்சு, ரத்தம் வந்துச்சு, அப்புறம் எல்லாம் வந்துச்சு."

"நீ வெரட்டக் கூடாதா?"

அவள் கோவிந்தம்மாக்கா வீட்டுப் பக்கம் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "செவப்பு யாரும் வெக்க மாட்டாங்கடி. கோழிக்கு அது ரத்தம்தான். உனுக்கு முன்னாடி இந்த வூட்ல இருந்தவங்களுக்கும் அதுதான் குடுத்தாங்க."

"அவங்க எங்க?"

"போய்ட்டாங்க."

சாயம் கழுவினால் போகவில்லை. தேய்த்தால் தோல் வருகிறது. அடுப்புக் கரியை அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்து ஐந்தின் முதுகிலும் அப்பினேன். புண்ணுக்கும் நல்லது, கசப்புக்கு எதுவும் வாய் வைக்காது. சிவப்பு மறைந்தது. நாட்டுக் குஞ்சுக்கும் தடவினேன். எல்லாம் ஒரே நிறம், ஒரே நாற்றம். பார்த்தால் அடுப்பிலிருந்து எழுந்து வந்த மாதிரி இருந்தன. சாயந்தரம் அவர் வந்து பார்த்து, "இன்னா இது, ரயில்வேல சேத்து வுட்டியா?" என்றார். பிறகு எண்ணிப் பார்த்தார். பேர் வைத்தது இருந்தது. கட்டிலிலிருந்து படுக்கையைச் சுருட்டினார்.

கயிற்றுக் கட்டில் அது. அதைத் தூக்கிக்கொண்டுபோய் மூலையில் பக்கவாட்டில் நிறுத்தி, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இடம் விட்டார். கயிற்று இடுக்கில் சின்னது நுழைந்துவிடும். பெரிசுக்குத் தலை மட்டும்தான் போகும். உள்ளே நொய், உள்ளே தண்ணீர். வெளியே மேய்ந்துகொண்டிருக்கும், பெரிசு தலையைத் தாழ்த்தினால் ஓடி உள்ளே போய்விடும். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே வளரும். எங்கே கற்றார் என்று கேட்டேன். "மில்லு கேட்டுலயும் இதே சங்கதிதான். கம்பி சந்துல ஒல்லியானவன் நுழைஞ்சுடுவான், மேஸ்திரி வெளியவே நிப்பான்," என்றார்.

கட்டில் போனது, அவர் தரையில் படுத்தார். மார்கழி. பெங்களூர்த் தரை அப்போது எப்படி இருக்கும் என்று இப்போது இருப்பவர்களுக்குத் தெரியாது, கல் பனிக்கட்டியாகச் சில்லிட்டிருக்கும். கோணி போட்டேன், என் புடவை இரண்டு போட்டேன். இருமல் கூடியது. கட்டிலை எடுத்துவரட்டுமா என்றால் வேண்டாம் என்பார். முட்டையா, கட்டிலா? முட்டை வர இன்னும் மாசங்கள் இருந்தன.

துண்டுகள் கூடின. இப்போது சாயம் இல்லை. ஒரு விடிகாலை நான் கல்லில் துவைத்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் செருப்புச் சத்தம்.

"இன்னா ஆனேக்கல்காரி," என்றாள் கோவிந்தம்மாக்கா. "கோழியெல்லாம் கருப்பாயிடுச்சு. தண்ணி இன்னும் செவப்பா ஓடுது?"

நான் திரும்பவில்லை. தண்ணீர் அவள் கால்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவள் காலை நகர்த்திக்கொண்டாள். அவ்வளவுதான். சத்தம் போடவில்லை.

அன்றிலிருந்து குழாயில் நான் கடைசி. நான் பிடித்த பிறகு குழாய்க்குப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். என் கயிற்றில் காயும் துணிக்கு இரு பக்கமும் கயிறு காலியாக இருக்கும். யாரும் திட்டவில்லை. பேச்சு நின்றுபோயிற்று. நான் முற்றத்துக்கு வந்தால் நிற்கிறவர்கள் நின்றபடியே இருப்பார்கள், நான் கதவை மூடும்வரை. திட்டினால் தேவலை என்று இருக்கும். சரோஜா மட்டும் சில நாள் நொய்யைக் கட்டிலுக்குள் வீசிவிட்டு என்னைப் பார்க்காமல் போவாள்.

வெள்ளைக் குஞ்சு வளர்ந்தது. நாட்டுக் குஞ்சின் தோளுக்கு வந்தது. ஒரு நாள் காலை பார்க்கிறேன், கட்டிலுக்கு உள்ளே ஒன்றுமில்லை. எல்லாம் வெளியே, கட்டில் சட்டத்தின் மேல் வரிசையாக ஏறி உட்கார்ந்திருந்தன. வெள்ளைக்கு இரண்டு பக்கமும் பழுப்பு. ஒற்றைக் கண் நாட்டுப் பெட்டை மேஸ்திரியோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தது. அவரை எழுப்பிக் காட்டினேன். "சேத்துக்கிச்சுங்க," என்றார். கட்டிலை உள்ளே எடுத்துப் போட்டோம். அவ்வளவு நன்றாக அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

பங்குனி வெயிலில் கழிச்சல் வந்தது. வெள்ளைக் கழிச்சல். முதலில் சரோஜா வீட்டுச் சேவல், கழுத்தைத் திருகிக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றது. மறுநாள் கோவிந்தம்மாக்காவின் மஞ்சளில் ஒன்று. பிறகு கேட்கவே வேண்டாம். என் நாட்டுக் கோழி ஆறும் போயிற்று. நல்லவேளையாக அம்மா வந்து பார்க்கவில்லை. காலையில் கூடையைத் தூக்கினால் ஒன்று கிடக்கும், அதற்கு அடுத்தது பக்கத்தில் நின்றபடியே கண்ணை மூடியிருக்கும். ரத்தினம் அண்ணன் தினமும் வேலைக்குப் போகுமுன் குழி வெட்டுவார், சுண்ணாம்பு கொட்டுவார், கை கழுவிவிட்டுப் புத்தர் படத்துக்கு முன் கொஞ்சம் நிற்பார். யார் வீட்டுக் கோழி என்று கேட்கமாட்டார். நிறம் போய்விட்ட கோழிகளுக்கு வீடு ஏது.

மேம்சாப் கடைசி. அது இரண்டு நாள் நின்று பார்த்தது, கடைசியில் உட்கார்ந்துவிட்டது.

வெள்ளை ஐந்தும் முற்றத்தின் நடுவில் நடந்தன. சாணியைக் கிளறின. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கழிச்சல் வராமல் இருக்கப் பண்ணையில் விட்டது, தோட்டக்காரர் சொன்ன மூக்கு மருந்து, அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் கேட்கிற காதும் இல்லை.

கோவிந்தம்மாக்கா மேம்சாப்பைக் காலைப் பிடித்துத் தூக்கிவந்து என் வாசற்படியில் போட்டாள். பின்னால் சரோஜா, சரோஜாவின் மாமியார், பக்கத்து முற்றத்துப் பெண்கள், யார் யாரோ. வட்டமாக நின்றார்கள்.

"உன் வூட்டு நோவுதான் இது. எல்லாரோட கோழியும் செத்துது, உன்னுது மட்டும் எப்படிடி நிக்குது?"

அவர் எழுந்து வந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெலிந்து, சட்டை தோளில் தொங்கிற்று.

"அக்கா, உங்க கோழி என்னிக்காச்சும் எங்கூட ஒரே தட்டுல துன்னுச்சா?"

இன்னொரு சமயம் என்றால் சிரித்திருப்பார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வந்தது, அதோடு இருமலும். துண்டை வாயில் வைத்தார். எடுக்கும்போது நான் அவருக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றேன். பார்த்துவிட்டார்கள். ஒரு அடி எல்லாரும் பின்னால் போனார்கள். போனது ஒரு அடிதான்.

மறுநாள் வீட்டு ஓனர் வந்தார். கன்னடக்காரர், நல்ல மனுஷன், வாசலுக்கு வெளியிலேயே நின்று பேசினார். "காலி மாடி அம்மா," என்றார். அடுத்த திங்கட்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யணும் என்றார். எனக்காக வருத்தப்படுவதாகவும் சொன்னார்.

தொம்மலூரில் அப்போது வயல். ஏரிக்கரை ஓரம் ஓலை போட்ட ஒரு அறை கிடைத்தது. பக்கத்தில் வீடு இல்லை, அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை. கிளம்புகிற நாள் ரத்தினம் அண்ணன் வேலைக்குப் போகவில்லை. கோழிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஜட்கா வண்டி நிற்கிற இடம்வரை வந்தார். அந்த வட்டத்தில் அவர் வந்து நிற்கவில்லை, எங்களுக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை. கூடையைத் தூக்கினார். அவரை நினைக்கும்போது கோபப்படலாம் என்றும் தோன்றும், கும்பிடலாம் என்றும் தோன்றும். இரண்டையும் செய்யவில்லை.

சித்திரை போய் வைகாசியும் பாதி போனது. மழை அடித்த ஒரு நாள் வெள்ளையில் ஒன்று ஓலைக்கடியில் முட்டை வைத்தது. மேஸ்திரி என்று பேர் வைத்த அதேதான். "பாத்தியா, வேலைக்கு வந்துட்டான்," என்றார் அவர். அதிலிருந்து தினமும் ஒன்று, சில நாள் மூன்று. ஊசி ஒரு பக்கம், முட்டை ஒரு பக்கம். துண்டில் சிவப்பு குறைந்தது. ஒரு நாள் இல்லை. மறுநாளும் இல்லை. நான் நம்பாமல் வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பேன். அவர் அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தார், முட்டை என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற அளவுக்கு.

சரோஜாவைப் பிறகு ஒரே ஒரு தரம் பார்த்தேன், சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில். நரைத்திருந்தாள். அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"உங்க வூட்டுக்கு அப்புறம் ஒரு குடும்பம் வந்துச்சுடி. சின்னப் புள்ளைங்க ரெண்டு. கோழியும் வெச்சிருந்தாங்க."

"இன்னா கலர் குடுத்தீங்க?"

அவள் பஸ் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. ஏறிவிட்டாள்.

முற்றம் இப்போது இல்லை. நாலு வீடும் போய் ஒரே கட்டடம், கீழே கார் நிற்கிறது. துவைக்கிற கல் இல்லை, ஜட்கா இல்லை, மில் சங்கு ஊதுவதில்லை. இங்கே வயல் இருந்த இடத்தில் கண்ணாடி ஆபீஸ்கள். முதுகில் நிறம் வைத்து இது என் வீட்டுது என்று சொல்கிற வழக்கமும் போயிற்று, போகட்டும். கோவிந்தம்மாக்கா, சரோஜா, ரத்தினம் அண்ணன், ஒருவரும் இல்லை. என் வீட்டுக்காரரும் இல்லை.

நேற்று கீழ்வீட்டுப் பிள்ளையின் குஞ்சுக்குக் கரி தேடினேன். காஸ் அடுப்பில் கரிக்கு எங்கே போவது? அவள் அம்மாவின் கண்மையை எடுத்துக் குழைத்துத் தடவினேன். அம்மாக்காரி முறைத்தாள். சந்தைக்கடையில் வாங்கிய சல்லடை ஒன்றை நடுவில் நிறுத்திவிட்டு வந்தேன். காலையில் பார்த்தேன். இரண்டும் இருக்கின்றன.

அந்த வருஷம் அந்த முற்றத்திலிருந்து உயிரோடு ஜட்காவில் ஏறியது: அவர், நான், வெள்ளைக் கோழி ஐந்து.

ஏழு.